பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு எவ்வளவு பணம் வரும்? நீலகிரிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் ‘கல்வியாளர்’ என்ற இடத்தில் பெயருக்கு இருக்கிறேன். பெயருக்குத்தான், ஆனால் ஜூன் பிறந்தால் போன் ஓயாது. “சார், எங்க ஸ்கூல மூடப் போறாங்களாமே?” என்று பாதிப் பேர். “கவர்மென்ட் பணம் எவ்வளவு வருது, அது எங்க போகுது?” என்று மீதிப் பேர். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பள்ளியில் மட்டும்தான் பிள்ளைகள் குறைகிறார்களா?

இல்லை, மாவட்டமே சுருங்கிக்கொண்டிருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் நீலகிரியில் 7,62,141 பேர் இருந்தார்கள். 2011-ல் 7,35,394. அந்தப் பத்து வருடத்தில் தமிழ்நாட்டில் ஆள் குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான். 2025 ஆகஸ்டில், புதிதாகவும் பழையதாகவும் ஒரு பிள்ளைகூட இல்லாத அரசுப் பள்ளிகள் என்று ஒரு பட்டியல் வெளியானது. மாநிலம் முழுக்க 207 பள்ளிகள். அதில் 17 நம் மாவட்டத்தில். எந்த மாவட்டத்துக்கும் இவ்வளவு இல்லை.

காரணம் கேட்டால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பச்சைத் தேயிலைக்கு விலை நிற்பதில்லை. சின்ன விவசாயி வீட்டுப் பையன் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கிவிடுகிறான், கல்யாணம் ஆனதும் குடும்பமும் இறங்கிவிடுகிறது. ஊட்டி இந்து நகரில் பிலிம் தொழிற்சாலை முடங்கியபோது ஒரு குடியிருப்பே காலியானது. இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காகத் தொடங்கிய டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மூன்றாம் தலைமுறை இலை பறிக்க விரும்பவில்லை. இருக்கிற வீடுகளிலும் ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒரு பிள்ளைக்கும் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் வந்துவிடுகிறது.

மஞ்சள் வேனை எப்படித்தான் சமாளிப்பது?

வேன் பிள்ளையை ஐந்து வயதில் கூட்டிப் போவதில்லை, மூன்றரை வயதில் கூட்டிப் போகிறது. நம் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்புக்கு ஐந்து வயது ஆகவேண்டும். எல்.கே.ஜி.க்கு வேனில் ஏறிய பிள்ளை, யு.கே.ஜி. முடித்ததும் இறங்கி ஒன்றியப் பள்ளிக்கு வந்ததை என் பணிக்காலத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே நட்பு வந்திருக்கும், ஃபீஸ் பாக்கியும் வந்திருக்கும். டிசி வாங்க அந்தப் பாக்கியைக் கட்டவேண்டும் என்பார்கள்.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் ‘நடுநிலைப் பள்ளி வளாகம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அறைத் தொடக்கப் பள்ளிதான் முதலில் காலியாகிறது, அதற்கு இது எட்டவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வரும் திட்டங்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத இடத்துக்கும் அதே கணக்குதான். கெட்டிக்காரப் பெற்றோர் ஐந்து வரை வேனில் அனுப்பிவிட்டு ஆறுக்கு அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் யோசிப்பேன். ஆனால் அந்த ஐந்து வருடம் தொடக்கப் பள்ளி காலியாகக் கிடக்கிறது.

பள்ளிக்கு வரும் பணம் யார் கொடுப்பது?

ஒரே பையிலிருந்து வருவதில்லை. ஆசிரியர் சம்பளம் மாநில அரசு. பெயர் ‘ஊராட்சி ஒன்றியப் பள்ளி’ என்றாலும் ஒன்றியம் சம்பளம் தருவதில்லை. கட்டடம், ஓடு, சுற்றுச்சுவர் எல்லாம் ஒன்றியத்தின் பொறுப்பு. பள்ளியின் அன்றாடச் செலவுக்கான மானியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருகிறது. அதில் மத்திய அரசு 60, மாநில அரசு 40. சத்துணவும் காலை உணவும் தனி. பாடநூல், சீருடை, அப்புறம் நம் மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கும் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ் இவை பள்ளிக் கணக்கில் வராமல் நேராகப் பிள்ளை கைக்குப் போகும்.

“எங்க பள்ளிக்கு லட்சக்கணக்குல பணம் வருது, ஹெச்.எம். என்ன பண்றார்?” என்று கிராமசபையில் எழுந்து கேட்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள். லட்சக்கணக்கு உண்மைதான். அதில் ஏறக்குறைய எல்லாமே சம்பளம், ஆசிரியர் வங்கிக் கணக்குக்கு நேரே போகிறது. ஓர் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். அகவிலைப்படி, மலைப்படி எதுவும் சேர்க்காமலே வருடத்துக்கு 2,47,200. தலைமையாசிரியர் கையில் செலவழிக்கக் கிடைப்பது எவ்வளவு என்று அடுத்த கேள்வியில் பாருங்கள், சிரிப்பு வரும்.

அந்தப் பள்ளி மானியம் எவ்வளவு? பிள்ளைகள் குறைந்தால் அதுவும் குறையுமா?

குறையும். அந்த மானியம் தலையை எண்ணித்தான். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. அதற்கு மேல் 1,000 வரை 75,000, ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். வருடத்துக்குத்தான், மாதத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2018-ல் திட்டம் தொடங்கியபோது 15 பிள்ளைகள் வரைதான் 12,500, பதினாறாவது பிள்ளையிலிருந்தே 25,000 கிடைத்தது. பிறகு அந்த வரம்பை 30-க்குத் தள்ளிவிட்டு, கீழ்த்தட்டையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். 20 பிள்ளைகள் இருந்த மலைப் பள்ளிகளுக்கு 25,000 ஒரே அடியில் 10,000 ஆனது இப்படித்தான்.

அந்தப் பத்தாயிரத்தில் என்ன நடக்கும்? பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவழிக்கவேண்டும் என்பது விதி, ஆயிரம் அங்கே போயிற்று. ஃபினாயில், துடைப்பம், கழிப்பறைக்கு ஆசிட். சாக்பீஸ், சார்ட், பதிவேடுகள். கரன்ட் பில். ஒரு தென்மேற்குப் பருவத்தில் மட்டும் இரண்டு தடவை ஓடு மாற்றினோம். ஓடு விலை பெரிதில்லை. கோத்தகிரியிலிருந்து ஏற்றி வந்த ஜீப்புக்கு ஓட்டின் விலையை விட அதிகம் கொடுத்தோம், ரோட்டிலிருந்து பள்ளி வரைக்கும் படியில் தூக்கி வந்தவருக்குத் தனிக் கூலி. சமவெளியில் இருக்கும் 30 பிள்ளைப் பள்ளிக்கும் இதே பத்தாயிரம்தான். மலைக்கு என்று ஒரு ரூபாய்கூட மானியத்தில் ஏற்றிப் போட்டதில்லை. ஆசிரியருக்கு மலைப்படி உண்டு, குளிர்காலப் படி உண்டு. பள்ளிக்கு மட்டும் குளிர் கிடையாது என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

எனக்கு உள்ள பெரிய மனக்குறையும் இதுதான். பிள்ளை குறைந்தால் குறைகிற செலவு ஒன்று, குறையாத செலவு ஒன்று. நோட்டு, சோறு, சீருடை குறையும். கூரை குறையுமா? கழிப்பறை இரண்டு, அது இரண்டுதான். எட்டுப் பேர் படித்தாலும் எண்பது பேர் படித்தாலும் ஜூலை மழைக்கு ஒழுகும் இடம் ஒன்றேதான்.

விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் தனியாகத் தொடக்கப் பள்ளிக்கு ஐயாயிரம் ஐயாயிரமாக வழி இருக்கிறது. இவை பள்ளிக்கு இவ்வளவு என்று வருபவை, தலைக்கணக்கு இல்லை. வந்ததா என்று கூட்டத்தில் கேளுங்கள்.

எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணையில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. 150-ஐத் தாண்டினால்தான் தனியாக ஒரு தலைமையாசிரியர். ஆக நம் பள்ளிகளில் தலைமையாசிரியர்தான் வகுப்பும் எடுக்கிறார், எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவும் போடுகிறார், சத்துணவு முட்டையும் எண்ணுகிறார்.

எட்டுப் பிள்ளை இருந்தாலும் சட்டப்படி இரண்டு ஆசிரியர் என்பதை மறக்காதீர்கள். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், ஒருவரை ‘மாற்றுப் பணி’ என்று வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் என்பார்கள், அது நாலு நாளாகும். மிச்சம் இருப்பவருக்கு ஐந்து வகுப்பு. அவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் பள்ளிக்கூடத்தை யார் திறப்பது? ஒரு தடவை சத்துணவு அக்கா திறந்து, பிள்ளைகளை உட்காரவைத்து, பாட்டு சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு ஆய்வுக்கு ஆள் வந்துவிட்டது. அக்காவுக்குத் திட்டு. அவர் செய்தது சரி என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஐந்து வகுப்பை ஒருவர் எடுப்பது முடியாத காரியம் இல்லை. செயல்வழிக் கற்றல் காலத்திலேயே பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே பாயில் உட்காரவைத்துப் பழகினோம். இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை உள்ளவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துத்தான் சொல்லித் தருகிறார்கள். சின்னப் பள்ளிக்கு இது பொருந்துகிறது. பாடத்தை விட மற்ற வேலைதான் ஆளைக் கொல்கிறது.

ஆகஸ்ட் 1 என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துத்தான் ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். அன்றைக்கு 61 இருந்தால் மூன்றாவது ஆசிரியர் நிற்பார். 60 என்றால் ‘உபரி’ என்று பெயர் வைத்துப் பணிநிரவலில் வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். செப்டம்பரில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்தாலும் அந்த வருடம் போனது போனதுதான்.

அதனால் ஜூலை மாதம்தான் முக்கியம். எஸ்டேட் லைன் வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் நிறைய. அவர்கள் பிள்ளைகள் பல பேர் எந்தப் பள்ளியிலும் இல்லை. போய்க் கேட்டால், “பேப்பர் இல்லை” என்பார்கள். பேப்பர் வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. டிசி தாமதமானாலும் மறுக்கக்கூடாது. சேர்க்கைத் தேதி முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆதார் இருந்தால்தான் பள்ளியில் இடம் என்பது கிடையாது, 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எமிஸில் ஏற்றும்போது ஆதார் கேட்கும், அதைப் பிறகு எடுத்துக் கொடுக்கலாம். பிள்ளையை முதலில் உட்காரவையுங்கள்.

தமிழ் தெரியாதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: தீபாவளிக்குள் பேசிவிடுவார்கள். படுகு, மலையாளம், தமிழ் மூன்றும் ஒரே மைதானத்தில் கேட்கும் மாவட்டம் இது. நாலாவதாக ஒன்று வந்தால் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பத்துக்குக் கீழே போனால் மூடிவிடுவார்களா?

கல்வி உரிமைச் சட்டத்தில் ‘இத்தனைக்குக் கீழே போனால் மூடு’ என்று ஒரு வரியும் இல்லை. அது சொல்வதெல்லாம் அண்மைப் பள்ளி இருக்கவேண்டும் என்பதுதான். தொடக்க வகுப்புக்கு ஒரு கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரைக்கு மூன்று கிலோமீட்டர். மண்சரிவு, வெள்ளம், ரோடு இல்லாமை போன்ற ஆபத்து உள்ள இடத்தில் அந்தத் தூரத்தையும் குறைக்கலாம் என்பது விதிகளின் போக்கு. 2009 நவம்பரில் இந்த மலை சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைப் பார்த்தவர்களுக்கு ‘ஆபத்து’ என்ற சொல்லை விளக்கவேண்டியதில்லை.

மூடப்படுபவை பெரும்பாலும் பூஜ்யத்தைத் தொட்ட பள்ளிகள். 2019-ல் பிள்ளைகளே இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக மாற்றுவதாக அறிவித்தார்கள். ஆனால் யாரும் பூட்டுப் போடாமலே ஒரு பள்ளி மூடிக்கொள்ளும். அதைத்தான் நான் பயப்படுகிறேன். முதலில் ஓர் ஆசிரியரை மாற்றுப் பணிக்கு அனுப்புவார்கள். ஒற்றை ஆசிரியர் என்றதும் இரண்டு பெற்றோர் டிசி வாங்குவார்கள். எண்ணிக்கை ஆறாகும். ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் வராது. ஆறு நாலாகும். ஒரு ஜூனில் முதல் வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள். அப்புறம் ‘மாணவர் இல்லாததால்’ என்று கோப்பில் எழுதுவார்கள். கோப்பில் எழுதியது பொய்யில்லை, ஆனால் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் எழுதியிருப்பார்கள்.

மூடிவிட்டுப் பெரிய பள்ளிக்கு வண்டி விட்டால் அரசுக்கு மிச்சம்தானே?

எட்டுப் பிள்ளைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். மூடினால் மானியம் பத்தாயிரம் மிச்சம். ஆசிரியர் இருவரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, வேறு பள்ளிக்குத்தான் போவார்கள், சம்பளம் அப்படியே. பக்கத்தில் பள்ளி இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபாய் வரை தரலாம் என்பது திட்டத்தின் விதி. எட்டுப் பேருக்கு 48,000. பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்க நாற்பத்தெட்டாயிரம். காலப்போக்கில் இரண்டு பணியிடம் குறையும், அது பெரிய தொகை என்று நிதித்துறை சொல்லும். சரி. அதற்குள் அந்த ஹட்டியில் பள்ளிக்கூடம் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோயிருக்கும்.

தூரக் கணக்கும் மலையில் வேறு. வரைபடத்தில் 900 மீட்டர் என்று காட்டும். நடந்தால் தேயிலைக்குள் இறங்கி, ஓடை தாண்டி, சோலை ஓரமாக ஏறவேண்டும். கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டெருமையும், கூடலூர்ப் பக்கம் யானை. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே சிறுத்தை தாக்கி மூன்று வயதுக் குழந்தை இறந்தது. அதன் பிறகு அந்தப் பக்கத்துத் தாய்மாரிடம் போய் ‘ஒரு கிலோமீட்டர்தானே’ என்று எந்த அதிகாரியாவது சொல்லிப் பார்க்கட்டும்.

ஆனால் எதிர்ப்பக்கமும் எனக்குத் தெரியும். மூன்று பிள்ளைகள் மட்டும் இருந்த ஒரு பள்ளியில் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். நாலாம் வகுப்பில் ஒரே ஒரு பெண். இடைவேளையில் அவள் படியில் உட்கார்ந்து சுவரோடு பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருப்பாள். ‘சார், நீங்க விளையாட வாறீங்களா?’ என்று ஒரு நாள் கேட்டாள். அந்த வருடக் கடைசியில் அந்த மூவரையும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நடுநிலைப் பள்ளியில் சேர்க்க நானே பெற்றோரிடம் பேசினேன், ஜீப்புக்கும் ஏற்பாடு செய்தேன். அதற்காக இன்று வரை சில பேர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் செய்வேன். மூன்றுக்கும் பதினைந்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. பதினைந்து பிள்ளைப் பள்ளியைக் காப்பாற்றலாம், காப்பாற்றத்தான் வேண்டும்.

எஸ்டேட் பள்ளி, மிஷன் பள்ளிகளுக்கும் இதே விதியா?

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் அனுமதித்த பணியிடங்களுக்குச் சம்பளத்தை அரசு தரும். எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் போகும், கட்டடத்தை நிர்வாகம்தான் பார்க்கவேண்டும். எஸ்டேட் பள்ளிகள் பலவற்றின் வேர் 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 25 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் தோட்ட முதலாளி கல்வி வசதி செய்யவேண்டும் என்று மாநிலம் விதி போடலாம் என்றது அந்தச் சட்டம். 2025 நவம்பரிலிருந்து அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வேறு துறை, வேறு நிதி. அதைப் பற்றி அந்தத் துறை ஆட்களிடம் கேட்பதுதான் சரி.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு அரசு ஃபீஸ் கட்டுகிறதே, அது நம் பள்ளிப் பணமா?

நேரடியாக இல்லை. ஆனால் பிள்ளை நம் பள்ளியிலிருந்துதான் போகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நல்லது என்று சட்டம் போட்டார்கள், அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. சின்ன ஊரில் விளைவு என்னவென்றால், முதல் வகுப்புக்கு நாலு பேர் வரவேண்டிய இடத்தில் இருவர் எல்.கே.ஜி.யிலேயே அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

மத்திய அரசு பணத்தை நிறுத்திவிட்டது என்றார்களே?

மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2024-25 நிதி நின்றது. மாநிலம் சொல்லும் தொகை சுமார் 2,152 கோடி. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 25 சதவீத இடச் சேர்க்கையும் அந்த வருடம் அக்டோபர் வரை தள்ளிப்போனது. யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். பெரிய பள்ளிக்கு வேறு வழிகள் இருக்கும், முன்னாள் மாணவர் சங்கம் இருக்கும். பத்தாயிரம் மானியம் தாமதமானால் சின்னப் பள்ளியில் ஹெச்.எம். தன் பையிலிருந்து சாக்பீஸ் வாங்குவார். எல்லாத் திட்டத்திலும் நான் பார்த்தது அதுதான்.

வெளிநாட்டில் பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை என்ன செய்கிறார்கள்?

என் மருமகன் அமெரிக்காவில் இருப்பதால் இதைக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். அங்கே ‘பள்ளி மாவட்டம்’ என்று தனி நிர்வாகம், அதற்கென வரி. விஸ்கான்சின் மாநிலத்தில் நிதி வரம்பை ஒரு வருட எண்ணிக்கையில் தீர்மானிக்காமல் மூன்று வருடச் சராசரி பார்க்கிறார்கள். பிள்ளைகள் திடீரென்று குறைந்தால் பணமும் திடீரென்று விழாது, படிப்படியாக இறங்கும். 745 பிள்ளைகளுக்கு மிகாமலும், ஒரு சதுர மைலுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவும் உள்ள மாவட்டங்களுக்கு ‘அடர்த்தி குறைவு’ என்பதற்காகவே பிள்ளைக்கு 400 டாலர் தனி உதவி. கலிபோர்னியாவிலும் 2022-23 முதல் இந்த வருடம், போன வருடம், மூன்று வருடச் சராசரி இவற்றில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர்கள் பணக்கார நாடு, நமக்கு ஒத்துவராது என்பார்கள். இதில் டாலர் இல்லாமலே எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று வருடச் சராசரி. 33, 32, 29 என்று போகும் பள்ளிக்குச் சராசரி 31-க்கு மேல். மானியம் 25,000-ஆகவே நிற்கும். அந்த மூச்சு விடும் நேரத்தில் ஊர் ஏதாவது செய்து பார்க்கலாம். மலைப் பள்ளிக்கு மட்டுமாவது இப்படிச் செய்யுங்கள் என்று இரண்டு மனு கொடுத்துப் பார்த்தேன். ரசீது பத்திரமாக இருக்கிறது.

வேறு எங்கே பணம் கேட்கலாம்?

கட்டட வேலைக்கு வழிகள் உண்டு. நீலகிரிக்கு 1975-76 முதல் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி இருக்கிறது. சுற்றுச்சுவரை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று ஒன்றியத்தில் கேளுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதி அரசு. 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளித் திட்டம் வழியாக வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் கொடுக்கலாம்.

எதற்குப் போனாலும் முதல் கேள்வி, “தீர்மானம் இருக்கா?” என்பதுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். அந்தக் குழு போடும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்தான் அரசு மானியத்துக்கு அடிப்படை என்று கல்வி உரிமைச் சட்டம் 22-ஆம் பிரிவு சொல்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் போன வருடத் திட்டத்தைப் பார்த்து எழுதி, சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். அம்மாக்கள் தோட்டத்திலிருந்து கூடையோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை. கேளுங்கள் அக்கா. ‘கூரை ஒழுகுகிறது’ என்று எழுதினால் போதாது. எந்த அறை, எத்தனை ஓடு, ஒன்றியப் பொறியாளர் போட்ட மதிப்பீடு எவ்வளவு, போட்டோ இரண்டு. இவ்வளவும் இருந்தால் கோப்பு நகரும்.

கம்பெனிக்காரர்கள் தரும் பொருளை யோசித்து வாங்குங்கள். ஒரு நிறுவனம் எங்களுக்குப் பெரிய ஸ்மார்ட் டி.வி. தந்தது. மாலை, போட்டோ, பேனர் எல்லாம் நடந்தது. மழைக்காலத்தில் எங்களுக்கு நெட் வராது, கரன்ட்டும் பாதி நாள் வராது. இரண்டு கழிப்பறைக் கதவு கேட்டிருந்தோம். கதவுக்குப் பேனர் வைக்க முடியாது அல்லவா.

எங்கள் பள்ளியில் இந்த வருடம் 29 பேர். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், 29 நல்ல எண். எங்கள் பள்ளியும் ஒரு வருடம் 29-ல் நின்றது. ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை நானும் ஹெச்.எம். டீச்சரும் பக்கத்து எஸ்டேட் லைனுக்கு நடந்து போனோம். கடைசி வீட்டில் ஜார்க்கண்ட் குடும்பம். அக்காவுக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு. அப்பாவுக்கு எனக்குத் தெரிந்த இந்தியும் போதவில்லை. காலையில் உப்புமா, மதியம் சாதமும் முட்டையும், குளிருக்கு ஸ்வெட்டர் என்று கையால் காட்டிப் புரியவைத்தோம். திங்கட்கிழமை இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 1-க்கு 31. மத்திய அரசுக்குப் போகும் யூடைஸ் பள்ளிக் கணக்கிலும் அதுவே போனது. மானியம் 25,000 வந்தபோது டீச்சர் முதலில் வாங்கியது அந்தக் கழிப்பறைக் கதவுகளைத்தான்.

கதவு மாட்டும்போது அந்த அக்காவும் தம்பியும் இல்லை. குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. இப்போது மறுபடி 29-தான். அதே லைனில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருப்பதாக ஜீப்காரர் சொன்னார். சனிக்கிழமை மழை விட்டால் போய்ப் பார்க்கவேண்டும்.